வேலை முடிந்தபின் தாய்லாந்தில் தங்குவது எப்படி? ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: நான் ஒன்பது ஆண்டுகளாகத் தாய்லாந்தில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். வயது 54. மனைவிக்கு 48. மகன் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். பாங்காக்கில் சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு அருகில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வரும் மார்ச் 31ஆம் தேதியோடு என் வேலை முடிகிறது. ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை ஆகஸ்ட் 18 வரை செல்லும். அதுவரை இருந்துவிட்டு ஊருக்குப் போய், பிறகு சுற்றுலாப் பயணியாகத் திரும்பி வந்து, சாவகாசமாக நீண்டகால விசா ஒன்றைத் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறேன். வங்கியில் பணம் போடாமலேயே ஓய்வுக்கால விசா வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பழைய நிறுவனம் மாதத்தில் சில நாள் வந்து உதவும்படி கேட்கிறது. இந்தியாவில், வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கில் சுமார் 30 லட்சம் பாட் அளவுக்குச் சேமிப்பு உள்ளது. எனக்கு எந்த விசா பொருந்தும்? மனைவிக்கு என்ன வழி?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் போகுமுன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் 18 என்று உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள தேதி, மார்ச் 31க்குப் பிறகு உங்களுக்கு உதவாது. வேலையின் அடிப்படையில் தரப்பட்ட தங்கும் அனுமதி, அந்த வேலை முடியும் நாளோடு முடிந்துவிடும். முத்திரையில் எந்தத் தேதி இருந்தாலும் இதுதான் விதி. நிறுவனம் நீங்கள் விலகியதை இமிக்ரேஷன் எனப்படும் குடிவரவுத் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டது என்பதால், அந்தத் தகவல் அரசின் பதிவேட்டில் ஏறிவிடும். ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை மாறாமல் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து நம்பி, நான்கைந்து மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு விமான நிலையத்தில் திகைத்து நின்றவர்கள் பலர். அனுமதிக்கு மேல் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம் என்பதோடு இது நிற்பதில்லை. 2016 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, 90 நாளுக்கு மேல் அதிகமாகத் தங்கியவர் தாமாகவே விமான நிலையத்துக்கு வந்து வெளியேறினாலும் ஓராண்டு நாட்டுக்குள் வர முடியாது. சோதனையில் பிடிபட்டால், அதிகமாகத் தங்கியது ஓராண்டுக்கும் குறைவாகவே இருந்தாலும், தடை ஐந்து ஆண்டு. மார்ச் 31க்கும் ஆகஸ்ட் 18க்கும் இடையே எத்தனை நாள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். உங்களைச் சார்ந்து அனுமதி பெற்றிருக்கும் உங்கள் மனைவியாருக்கும் இதே கதிதான்.

வேலை முடியும் நாளன்று இமிக்ரேஷன் அலுவலகத்துக்குச் சென்று அனுமதியை ரத்து செய்துகொண்டால், புறப்பட ஏற்பாடு செய்துகொள்வதற்காக ஏழு நாள் நீட்டிப்புக் கேட்கலாம். அதற்கு 1,900 பாட் கட்டணம். ஏப்ரல் 6 சக்ரி தினம், அரசு விடுமுறை. அதற்கடுத்த வாரமே தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் விடுமுறை வந்துவிடும். அந்த ஏழு நாளில் புதிதாக எதையும் தொடங்கிச் செய்து முடிக்க இயலாது. ஆகவே எல்லாம் மார்ச் 31க்குள் தயாராக இருக்க வேண்டும்.

இனி, ஊருக்குப் போய்ச் சுற்றுலாப் பயணியாகத் திரும்பலாம் என்ற உங்கள் திட்டத்தைப் பற்றி. உங்கள் கையில் இப்போது இருப்பது, சுற்றுலா அல்லாத காரணத்துக்காகத் தங்குபவர்களுக்குத் தரும் நான்-இமிக்ரண்ட் வகை விசா. வேலைக்கான ‘பி’ பிரிவு என்றாலும், அது நான்-இமிக்ரண்ட் வகைதான். ஓய்வுக்கால விசா என்று பலரும் சொல்வது, ஓய்வுபெற்றவராகத் தங்க இங்கேயே ஆண்டுதோறும் தரப்படும் நீட்டிப்பைத்தான். இந்த ஓய்வுக்கால நீட்டிப்புக்கு விதி கேட்கும் முதல் தகுதி, விண்ணப்பிப்பவர் நான்-இமிக்ரண்ட் நிலையில் இருக்க வேண்டும் என்பதே. அந்தத் தகுதி உங்களிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நாட்டைவிட்டுப் போய், சுற்றுலாப் பயணியாகத் திரும்பி வந்தால், முதலில் நான்-இமிக்ரண்ட் ‘ஓ’ விசாவாக மாற்றித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் 2,000 பாட். விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் அனுமதியில் குறைந்தது 15 நாள் மீதி இருக்க வேண்டும். வங்கியில் உள்ள பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். அது கிடைத்தால் 90 நாள், அதன் முடிவில்தான் ஓராண்டு நீட்டிப்பு. இது முடியாத காரியம் அல்ல. புதிதாக வருகிறவர்கள் பலரும் இந்த வழியில்தான் வருகிறார்கள். ஆனால் ஒன்பது ஆண்டு முறையாக இருந்தவர், தானாகவே கீழ்ப்படிக்கு இறங்கி மறுபடி ஏறத் தேவையில்லை. அதோடு, ஒர்க் பெர்மிட் இருந்த காலத்தில் திறந்த உங்கள் வங்கிக் கணக்கை உயிரோடு வைத்திருப்பது சுலபம். சுற்றுலாப் பயணியாக வந்து புதுக் கணக்குத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதை அண்மையில் முயன்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வழி, வேலை முடியும் அதே நாளில், அதே அலுவலகத்தில், வேலைக்கான அனுமதியை ரத்து செய்துகொண்டு ஓய்வுக்கால நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதுதான். இதற்கு வயது 50 நிறைந்திருக்க வேண்டும். அது உங்களுக்குப் பிரச்சினையில்லை. பண நிபந்தனை மூன்று விதமாக இருக்கிறது: தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் வைப்பு; அல்லது மாதம் 65,000 பாட் வருமானம்; அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சம். மாத வருமான வழிக்கு முன்பெல்லாம் தூதரகம் கொடுக்கும் வருமானக் கடிதம் போதுமாக இருந்தது. 2019 தொடக்கம் முதல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் அத்தகைய கடிதத்தை நிறுத்திவிட்டன. இப்போது பொதுவாக ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததை வங்கிக் கணக்கிலேயே காட்ட வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அத்தகைய மாத ஓய்வூதியம் இல்லை. சேமிப்பு இருக்கிறது. எனவே 8 லட்சம் வைப்பு வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வழியில் அதிகாரிக்கு அதிகாரி கணக்கு மாறும் என்பதால் அதை நான் யாருக்கும் விரும்பிச் சொல்வதில்லை.

இந்த 8 லட்சம் விண்ணப்ப நாளுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும். மார்ச் 31லிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஜனவரி இறுதி. வங்கிகளுக்கிடையே ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தால், பணம் டிசம்பர் மாதத்திலேயே இந்தியாவிலிருந்து புறப்பட்டுவிட வேண்டும். என்.ஆர்.இ. கணக்கில் உள்ள தொகையைத் தடையின்றி வெளியே அனுப்பலாம். இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து அனுப்புவதானால் நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்பும், வருமானவரி தொடர்பான படிவங்களும் குறுக்கே வரும், ஆகவே என்.ஆர்.இ.யிலிருந்தே அனுப்புங்கள். பணம் உங்கள் தனிப்பெயரில் உள்ள கணக்குக்கு வர வேண்டும். மனைவியாரோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு வேண்டாம். சம்பளம் வந்துபோகும் கணக்கும் வேண்டாம். இதற்கென்று பாஸ்புக் உள்ள தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றை, ஒர்க் பெர்மிட் கையில் இருக்கும் இப்போதே திறந்துவிடுங்கள்.

பாஸ்புக்கைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் இத்தகைய சிறு விஷயங்களில்தான் திரும்பி வருகின்றன. நீண்ட நாள் அச்சிடாமல் விட்டால், இடையில் நடந்த பரிமாற்றங்களை வங்கி ஒரே வரியாகத் தொகுத்துவிடும். அப்போது எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு இருந்தது என்பது புத்தகத்தில் தெரியாமல் போய்விடும். மாதம் ஒருமுறை இயந்திரத்தில் கொடுத்து அச்சிட்டுக்கொண்டே வாருங்கள். விண்ணப்பிக்கும் நாள் காலையில் அதே கணக்கில் 100 பாட் போட்டு, அன்றைய தேதியில் ஒரு வரி விழும்படி செய்து, அந்தப் பக்கத்தையும் நகலெடுங்கள். இருப்பைச் சான்றளிக்கும் வங்கிக் கடிதத்தையும் அதே நாளில் வாங்குவது நல்லது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசா உள்ள பக்கம், கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த முத்திரை, கடைசி நீட்டிப்பு முத்திரை ஆகியவற்றின் நகல்களில் ஒவ்வொரு தாளிலும் நீலமைப் பேனாவால் கையெழுத்திட்டு வைத்திருங்கள். நீட்டிப்பு விண்ணப்பமான டி.எம்.7 படிவம், 4க்கு 6 சென்டிமீட்டர் புகைப்படம், வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளர் நீங்கள் அங்கே குடியிருப்பதைப் பதிவு செய்த டி.எம்.30 சீட்டு, 1,900 பாட் கட்டணம் ஆகியவை மற்றவை.

பாங்காக்கில் குடியிருப்பவர்களுக்குச் சேங் வத்தானாவில் உள்ள அரசு அலுவலக வளாகத்தில்தான் இந்த வேலை நடக்கும். பிப்ரவரி இறுதியிலோ மார்ச் முதல் வாரத்திலோ ஒருமுறை நேரில் போய், ரத்தையும் புதிய விண்ணப்பத்தையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்வார்களா, நிறுவனத்தின் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். விதி ஒன்றாக இருந்தாலும் நடைமுறை அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம், உங்கள் கடைசி வேலை நாளைத் தெளிவாகக் குறிப்பிடும் கடிதத்தைத் தாய் மொழியில் வாங்கிக்கொள்ளுங்கள். மார்ச் 31 அரசு அலுவலகம் இயங்காத நாளாக இருந்தால், கடைசி நாளை அதற்கு முந்தைய வேலை நாளாகவோ அடுத்த வேலை நாளாகவோ கடிதத்தில் மாற்றித் தரும்படி கேளுங்கள். உங்களிடம் நல்லெண்ணம் உள்ள நிறுவனம் இதைச் செய்ய மறுக்காது.

அனுமதி கிடைத்த பிறகு பணத்தை எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். 2019 மார்ச் 1 முதல், அனுமதி பெற்ற பிறகும் மூன்று மாதம் 8 லட்சம் முழுமையாக இருக்க வேண்டும். அதன்பிறகு ஆண்டின் எந்த நாளிலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சமாகிவிட வேண்டும். ஆகமொத்தம், பாதிப் பணத்தை ஏழு மாதம் புழங்கலாம் என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை. அதற்காகத் தேதிகளை நினைவில் வைத்துக்கொண்டு அவதிப்படுவதைவிட, அந்த 8 லட்சத்தைத் தொடாத பணமாகவே ஒதுக்கிவிடுவது நல்லது. வட்டி சொற்பம்தான். ஆனால் பணம் உங்களுடையது, என்றைக்கு இந்த நாட்டை விட்டுப் போகிறீர்களோ அன்றைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.

ஏஜென்ட் சொல்லும் வழியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. படிவம் நிரப்பிக் கொடுத்து, மொழிபெயர்த்து, கூட வந்து வரிசையில் நிற்கும் நேர்மையான ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ‘வங்கியில் பணம் போட வேண்டாம்’ என்று சொல்பவர் செய்வது வேறு. அவர் தன் பணத்தைச் சில நாள் உங்கள் பெயரில் காட்டி எடுத்துவிடுகிறார், அல்லது வங்கிக் கடிதத்தையே திருத்துகிறார், அல்லது உங்கள் பாஸ்போர்ட்டை நீங்கள் போகவே போகாத ஒரு மாகாண அலுவலகத்துக்கு அனுப்பி அங்கே முத்திரை வாங்குகிறார். இரண்டு மாத இருப்பு இல்லாமல் உங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்றால், எங்கோ ஓரிடத்தில் ஒரு பொய் ஆவணம் உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தோடு கோப்பில் இருக்கிறது என்று பொருள். அது தெரியவரும் நாளில் ஏஜென்ட்டின் தொலைபேசி அணைந்திருக்கும்; அதிகாரி முன்னால் நிற்பது நீங்கள்தான். முத்திரையே போலி என்று விமான நிலையத்தில் தெரியவந்தால் அது குற்றவியல் வழக்கு. பணம் இல்லாதவர் ஆபத்தான வழியில் போவதையாவது புரிந்துகொள்ள முடியும். தேவைப்படுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கணக்கில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும்? பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

உங்கள் மனைவியாருக்கு 50 வயது ஆகவில்லை என்று கவலைப்பட வேண்டாம். ஓய்வுக்கால நீட்டிப்பு பெற்றவரின் மனைவி அல்லது கணவர், அவரைச் சார்ந்தவராக அதே காலத்துக்கு நீட்டிப்புப் பெறலாம். அவருக்கு வயது வரம்பும் கிடையாது, தனியாக 8 லட்சமும் தேவையில்லை. கட்டணம் மட்டும் தனியாக 1,900 பாட். உங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்தே அவருடையதையும் கொடுங்கள். இதில் சிக்கல் வருவது திருமணச் சான்றிதழில்தான். இப்போதுள்ள அனுமதிக்காக முன்பு சான்றொப்பம் பெற்று, தாய் மொழியில் மொழிபெயர்த்த சான்றிதழ் பெரும்பாலும் நிறுவனத்தின் கோப்பில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். வேலையை விட்ட பிறகு அதைத் தேடி அலைவது பெரும்பாடு. இந்த மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய மொழிபெயர்ப்பை ஏற்க மறுத்தால், பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, தாய்லாந்து வெளியுறவுத் துறையின் சான்றளிப்புப் பிரிவில் புதிதாக முத்திரை வாங்க வேண்டியிருக்கும். அதற்கும் நாள் ஒதுக்குங்கள். மகனைச் சார்ந்தவராகச் சேர்க்க 20 வயதுக்குக் கீழ் இருந்து உங்களோடு வசிக்க வேண்டும் என்பதால் அவர் விடுமுறைக்குச் சுற்றுலாப் பயணியாக வந்துபோவதே சரி.

இரண்டு ஆண்டு கழித்து மனைவியாருக்கு 50 நிறையும்போது, அவர் பெயரில் தனியாக 8 லட்சம் வைத்து அவருக்கென்று தனி நீட்டிப்பு வாங்கிவிடுவதைப் பற்றி யோசியுங்கள். சொல்வதற்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பது தவறு. சார்ந்தவரின் அனுமதி, சார்ந்திருக்கப்பட்டவர் உயிரோடு இங்கே இருக்கும்வரைதான். நாளை உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், துக்கத்தின் நடுவே அவர் விசாவுக்காகவும் ஓடவேண்டி வரும். உங்கள் சேமிப்பு இந்த இரண்டாவது 8 லட்சத்தைத் தாங்கும்.

பழைய நிறுவனத்துக்கு மாதத்தில் சில நாள் போய் உதவுவது பற்றி: கூடாது. ஓய்வுக்கால நீட்டிப்பில் இருப்பவருக்கு ஒர்க் பெர்மிட் தரமாட்டார்கள். அது இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அதன்பின் இரண்டு ஆண்டுக்குப் புதிய ஒர்க் பெர்மிட் கிடையாது. சம்பளம் இந்தியக் கணக்கில் வந்தாலும், சாப்பாடு மட்டும் வாங்கிக் கொடுத்தாலும், ஆலைக்குள் நின்று இயந்திரத்தைப் பார்ப்பது வேலைதான். நிறுவனத்துக்கு நீங்கள் உண்மையிலேயே தேவையென்றால், அவர்கள் செய்யவேண்டியது உங்களைக் குறைந்த பொறுப்பில் முறைப்படி வேலையில் தொடரச் செய்து, இப்போதுள்ள ‘பி’ விசாவையும் ஒர்க் பெர்மிட்டையும் புதுப்பிப்பது. இந்தியருக்கு அந்த நீட்டிப்புக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 35,000 பாட். இது நிறுவனத்துக்குச் சாத்தியமென்றால் உங்களுக்கும் நல்லது. மேலே சொன்னதையெல்லாம் ஓராண்டு தள்ளிப்போடலாம். இரண்டில் ஒன்றை ஜனவரிக்குள் முடிவு செய்துவிடுங்கள். ஒரு காலை இதிலும் மறுகாலை அதிலும் வைக்காதீர்கள்.

மற்ற விசாக்களைப் பற்றியும் நண்பர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லியிருப்பார்கள். நான்-இமிக்ரண்ட் ‘ஓ-ஏ’ என்பது வெளிநாட்டில் உள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் வாங்குவது. பண நிபந்தனை ஒன்றேயானாலும், காவல்துறை நற்சான்றும், 30 லட்சம் பாட் அளவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். இங்கேயே நீட்டிப்பு வாங்கும் வாய்ப்பு இருக்கும் உங்களுக்கு அது வீண் சுமை. பத்து ஆண்டுக்கான ‘ஓ-எக்ஸ்’ 14 நாட்டவருக்கு மட்டும்தான்; அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய எல்.டி.ஆர். என்ற நீண்டகால வசிப்பு விசாவில் ஓய்வூதியதாரர் பிரிவு இருக்கிறது, பத்து ஆண்டு கிடைக்கும், ஆனால் ஆண்டுக்கு 80,000 டாலர் உழைப்பில்லா வருமானம் (ஓய்வூதியம், வட்டி, வாடகை போன்றவை) வேண்டும். அதில் பாதி இருந்தால் இங்கே இரண்டரை லட்சம் டாலர் முதலீடு வேண்டும். கட்டணம் கட்டி நீண்டகாலம் தங்கும் உரிமை பெறும் தாய்லாந்து பிரிவிலேஜ் உறுப்பினர் அட்டையில் ஐந்து ஆண்டுக்கான கோல்டு பிரிவுக்கு 9 லட்சம் பாட் கட்டணம். அது போனால் போனதுதான். வங்கியில் வைக்கும் 8 லட்சமோ உங்களிடமே இருக்கும். 2024 ஜூலையில் வந்த டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா), வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினிவழி வேலை செய்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கிவிட்டால் ஓய்வுக்கால விசா தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டவர் எல்லோரும் சேர்ந்து கட்டடத்தின் பரப்பில் 49 சதவீதம் வரை வாங்கலாம் என்பது சொத்துச் சட்டம். தங்கும் அனுமதி வேறு.

மருத்துவத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. உங்கள் வழியில் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் அதை மறந்துவிடக் கூடாது. இத்தனை ஆண்டும் உங்கள் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பிடித்திருப்பார்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்கீழ், 12 மாதத்துக்குக் குறையாமல் சந்தா கட்டியவர், வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்து, தன் விருப்பில் சந்தாவைத் தொடரலாம். மாதச் சந்தா 432 பாட். இப்போது எந்த மருத்துவமனையில் உங்களுக்கு உரிமை இருக்கிறதோ அதே போன்ற சிகிச்சை உரிமை தொடரும். ஐம்பத்தைந்தை நெருங்கும் வயதில், தனியார் காப்பீடுகள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் காரணம் காட்டி விலக்கும் நேரத்தில், இது கைக்கு எட்டும் பெரிய உதவி. பலர் கெடு முடிந்த பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். அதே நிதியிலிருந்து 55 வயதில் முதுமைக்கால ஒட்டுமொத்தத் தொகையைப் பெறலாம். ஆனால் அதைப் பெற்றால் உறுப்பினர் நிலை முடிந்துவிடும் என்பதால், சிகிச்சை உரிமையைத் தொடர விரும்புகிறவர் அந்தத் தொகைக்கு அவசரப்படக் கூடாது. மனைவியாருக்கு இந்த உரிமை கிடையாது. அவருக்குத் தனிக் காப்பீடு எடுங்கள்.

அனுமதி பெற்றபின் செய்யவேண்டியவை நீங்கள் ஏற்கெனவே பழகியவை. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பதை இதுவரை நிறுவனம் செய்திருக்கும், இனி நீங்களே செய்ய வேண்டும். கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை செய்யலாம், தவறினால் 2,000 பாட். ஊருக்குப் போகுமுன், அதே நீட்டிப்பில் திரும்பி வருவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க மறக்காதீர்கள். அது இல்லாமல் எல்லை தாண்டினால் ஓராண்டு நீட்டிப்பு அந்த நொடியே செத்துவிடும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. மகன் கோயம்புத்தூரில் இருப்பதால் இருவருக்கும் பலமுறைக்கானதையே வாங்குங்கள். அவசரமாகக் கிளம்ப வேண்டிய இரவில் இதற்காக யோசிக்க வேண்டியிராது.

வரி பற்றி ஒன்று. ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ இங்கே இருப்பவர், 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டில் ஈட்டும் வருமானத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால் அது இங்கே வரிக் கணக்கில் வரும். அதற்கு முன் சேர்த்த பணத்துக்கு இது பொருந்தாது. ஆகவே 2023 டிசம்பர் 31ஆம் தேதியன்று உங்கள் என்.ஆர்.இ. கணக்கில் இருந்த தொகையைக் காட்டும் அறிக்கையை வங்கியிலிருந்து பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். 8 லட்சத்தை அந்தப் பழைய சேமிப்பிலிருந்தே அனுப்புவது சிக்கலைக் குறைக்கும்.

நிரந்தர வசிப்புரிமையைப் பற்றி எழுதாமல் விட்டால் உங்கள் கடிதத்துக்கு முழுப் பதிலாகாது. மூன்று ஆண்டு தொடர்ந்து ஆண்டு நீட்டிப்பும் ஒர்க் பெர்மிட்டும் பெற்று வேலை செய்பவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடு. அரசு அறிவிக்கும் காலத்தில், பெரும்பாலும் ஆண்டின் இறுதி மாதங்களில், விண்ணப்பம் வாங்குவார்கள். நீங்கள் பல ஆண்டு முன்பே இதற்குத் தகுதி பெற்றிருந்தீர்கள். ஓய்வுக்கால நீட்டிப்பில் இருப்பவருக்கு அந்தக் கதவு இல்லை. நிறுவனம் உங்களைத் தொடர்ந்து வேலையில் வைக்க ஒப்புக்கொண்டால், முதல் வேலையாக இதைப் பாருங்கள். இந்தப் பகுதியைப் படிக்கும், இன்னும் வேலையில் இருக்கும் மற்ற வாசகர்கள் தங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து எத்தனை நீட்டிப்பு முத்திரை இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பார்க்கட்டும்.

கடைசியாக, தாய்லாந்து வங்கியில் பணம் வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்துவிட்டால், நீதிமன்றம் நியமிக்கும் சொத்து நிர்வாகி வந்துதான் அந்தப் பணத்தை எடுக்க முடியும். மனைவி என்று சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. இங்குள்ள சொத்துக்கு மட்டும் தாய் மொழியில் ஓர் உயில் எழுதி, மனைவியாரையே நிர்வாகியாகக் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். 8 லட்சத்தை வங்கியில் போடும் அதே வாரத்தில் இதையும் செய்துவிடலாம்.